செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் சட்டப் பிரிவுகளைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை. அதையெல்லாம் தேர்வுக்கு உருப்போட்டுத்தானே வந்திருக்கிறீர்கள். நான் ஜீப்பைப் பற்றிச் சொல்கிறேன். முப்பத்தோரு வருட வேலையில் நான் செய்த பெரிய தப்பு அந்த ஜீப்பில்தான் இருக்கிறது.

வண்டி மாறி எத்தனையோ வருடம் ஆயிற்று. ஆனால் ராமநாதபுரம் பக்கம் அரசாங்க வண்டி எதுவானாலும் அதற்குப் பேர் ஜீப்தான். எங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் இன்னும் இரண்டு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே வண்டி. எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. அதனால் ஆய்வு என்றால் செவ்வாய். மற்ற நாளெல்லாம் கோப்பு, கூட்டம், கடிதத்துக்குப் பதில். இதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை.

மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என் பொறுப்பில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அப்போது இருந்தவர் ஒருவர்கூட இப்போது அங்கே இல்லை. பெயரைச் சொன்னால் பாவம் இப்போது இருப்பவர்கள் தலையில் விழும். ஊர்ச் சாக்கடை முழுவதும் அந்த நிலையத்துக்கு வரும். அங்கே சுத்தமாகி, ஒரு ஓடை வழியாகக் கடலில் விழும். விழ வேண்டும் என்பது ஏற்பாடு.

மாதம் ஒரு செவ்வாய் நான் போவேன். சில மாதம் இரண்டு. திங்கட்கிழமையே போன் போட்டுச் சொல்லிவிடுவோம். சொல்லாமல் போனால் கேட் பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போயிருப்பார், முப்பது கிலோமீட்டர் போய்க் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அப்படி இரண்டு தடவை திரும்பி வந்த பிறகு போன் பழக்கமானது. மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள், வசதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேலதிகாரி இருந்தார். நல்ல மனிதர், கோபக்காரர். "கண்ணால பார்த்ததை மட்டும் எழுது, அடுத்தவன் சொன்னதை எழுதாதே" என்பார். அந்தச் சொல்லை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை போவேன். ஓடையில் தெளிந்த தண்ணீர் ஓடும். மாதிரி எடுப்பேன். ஆய்வக முடிவு நன்றாக வரும். "நிலையம் திருப்திகரமாக இயங்குகிறது" என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அப்படிப் பதினோரு அறிக்கை. ஒன்றில்கூட நான் பார்க்காததை எழுதவில்லை. இன்றைக்கும் அந்தப் பதினொன்றில் ஒரு வரியைப் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வரும்.

ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கும்போது ஒரு மனு வந்தது. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கப்பட்டு, நாலு மேசை சுற்றி என் மேசைக்கு வந்து சேர்ந்திருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். ஒரு கையெழுத்து, ஜெபமாலை என்று. கீழே ஆறு கைநாட்டு. "எங்கள் கடற்கரைக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் ஜீப் வருகிறது. ஏழைப் பெண்களாகிய எங்கள் நலன் கருதி ஜீப்பை வாரத்துக்கு மூன்று நாள் அனுப்பி உதவும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." அவ்வளவுதான்.

அலுவலகமே சிரித்தது. மூடு, அபராதம் போடு, ஆளை மாற்று என்றுதான் நமக்கு மனு வரும். நம்மை வா வா என்று கூப்பிட்டு எவனாவது மனு எழுதியிருக்கிறானா? "மேடம், உங்க ஜீப்புக்கு ரசிகர் மன்றமே வச்சிருக்காக" என்றார் டிரைவர். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு. வீட்டில்கூடச் சொன்னேன். பிறகு, "வாகனப் பற்றாக்குறை காரணமாகத் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை" என்று பதில் எழுதி மனுவை முடித்து வைத்தேன். அந்தப் பெண்களுக்கு ஜீப் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதில் அனுப்பினோமா, மனு முடிந்ததா என்று பார்க்கிற புத்தி.

பொங்கல் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை நிலையத்தில் என் மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் பெரியபட்டினத்தில் உடன் வேலை பார்த்தவர் மகளுக்கு நிக்காஹ். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, திரும்புகிற வழியில் கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் போய் இறங்கினேன். இறங்கியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஓடைப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் கறுப்பாக, நுரையும் நூலும் குப்பையுமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் அதே பாலத்துக்குக் கீழேதான் புட்டியைப் பிடித்து மாதிரி எடுத்திருந்தேன்.

பாலத்துச் சுவரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சிலுவை, பக்கத்தில் மடித்த சாக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்து ரோட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஜீப்ப எங்க மேடம்?"

"ஜீப் வரலை. நான் பஸ்ஸுல வந்தேன். என்னைத் தெரியுமா?"

"தெரியாம? ஜீப்பு மேடம்ல நீங்க. இன்னைக்குப் புதங்கிழமையாச்சே, வர மாட்டீகளேன்னு பாத்தேன்." அவள் மறுபடி உட்கார்ந்தாள். "நீங்க வார அன்னைக்குத்தான் நாங்க கடல்ல எறங்குறது. மனுகூடக் குடுத்தோமே, மூணு நாளு வாங்கன்னு. ஜீப்பு இல்லைன்னு எழுதிட்டாக."

எழுதினது நான்தான் என்று சொல்லாமல் அவள் பேரைக் கேட்டேன். ஜெபமாலை என்றாள்.

அவர்கள் கடல்பாசி எடுத்து விற்கிற பெண்கள். தீவுப் பக்கம் போய் எடுக்க வள்ளம் வேண்டும். வள்ளத்தில் இடம் கிடைக்காதவர்கள் கரையோரப் பாரில், அதாவது கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டில், முங்கி முங்கிப் பாசி பிய்த்துச் சாக்கில் போடுவார்கள். அந்தப் பார் ஓடை விழுகிற இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. செவ்வாய்க்கிழமை தண்ணீர் தெளிவாக இருக்கும், இறங்குவார்கள். புதன்கிழமை மோசம். மற்ற நாள், வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் இறங்குவார்கள். நான் மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் போவேன், மற்றச் செவ்வாய்க்கிழமை? "வாராகளோ என்னமோன்னு எல்லாச் செவ்வாயும் அடைச்சுத்தான் வைப்பாக" என்றாள். என்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருந்தது.

விரல்களைக் காட்டினாள். பாறை கிழிக்காமல் இருக்கத் துணி சுற்றுவார்கள். துணிக்கடியில் விரல் இடுக்கெல்லாம் புண். பிறகு தலையைத் திருப்பி இடது காதைக் காட்டினாள். பஞ்சு அடைத்திருந்தது.

"இது போச்சு மேடம். சீழு வச்சு வச்சுக் கேக்காமப் போச்சு. டாக்டரம்மா தண்ணிக்குள்ள போகாதங்குறாக. போகாம என்னத்தத் திங்கிறது? இன்னொண்ணு இருக்குற வரைக்கும் ஓட்டணும். முங்கி எந்திரிக்கையில விசைப்போட்டு வாரது காதுலதான் தெரியும். இதுவும் போச்சுன்னா எவனாச்சும் தலையில ஏத்திட்டுப் போயிருவான்."

அழவில்லை அவள். விலைவாசி பேசுகிற மாதிரிச் சொன்னாள்.

நிலையத்துக்குப் போனேன். கேட் திறந்தே கிடந்தது. முனியசாமி, அங்கே இயக்குபவர், சாயல்குடிப் பக்கத்து ஆள், கையில் டிபன் பாக்ஸோடு நின்றார். என்னைப் பார்த்ததும் மூடி கீழே விழுந்தது.

"என்ன மேடம், போன் பண்ணலியே?"

கழிவுநீருக்குள் காற்றடித்துச் சுத்தம் செய்கிற மோட்டார் ஏன் ஓடவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு, பிறகு அலுத்துப்போய் உண்மையைச் சொன்னார்.

"இருந்தது மூணு. ரெண்டு போச்சு. இருக்குறது ஒண்ணு. அதைத் தெனமும் ஓட்டுனா பத்து நாள்ல அதுவும் போயிரும். அப்புறம் நீங்க வாரப்ப என்னத்த ஓட்டிக் காட்டுறது? அதான் பொத்திப் பொத்தி வச்சிருக்கோம். திங்கட்கிழமை மத்தியானம் மடைய அடைச்சு, மோட்டாரப் போட்டு, மருந்தக் கலக்கி விடுவோம். நீங்க பாத்துட்டுப் போனதும், அடைச்சு வச்சது அம்புட்டையும் தொறந்து விட்டுருவோம்."

"எத்தனை நாளா?"

"நான் வந்து மூணு வருசமாச்சு. அதுக்கு முந்தி இருந்தவரும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு."

ஆய்வுக்காகவே ஒரு மோட்டாரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஊருக்காக இல்லை, கடலுக்காக இல்லை, எனக்காக. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று அவர்களைச் சொல்லலாம். பதினோரு தடவை அந்தச் சோற்றைச் சாப்பிட்டு ருசி என்று சொன்னது யார்? கண்ணாடியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. அந்த வாரமே ஒரு கோப்பு வந்திருந்தது. புதிதாகக் கட்டின விடுதிகளின் சாக்கடையையும் அந்த நிலையத்தோடு இணைக்க இசைவாணை கேட்டிருந்தார்கள். இசைவாணை என்றால் நம் சம்மதக் காகிதம் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று ஊரின் பொறியாளர் நேரிலேயே வந்து உட்கார்ந்தார். "பதினோரு ரிப்போர்ட் உங்க கையெழுத்துல நல்லா இருக்கு மேடம். பன்னண்டாவதுல என்ன வந்துரப் போகுது?" என்றார். மிரட்டல் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நியாயமான கேள்வி.

மூடச் சொல்லி எழுதலாமா என்று யோசித்தேன். தொழிற்சாலையை மூடலாம், ஊர்ச் சாக்கடையை எப்படி மூடுவது? நிலையத்தைப் பூட்டினால் ஏழு நாளும் புதன்கிழமை ஆகிவிடும். என் அப்போதைய மேலதிகாரி ஒரு வழி சொன்னார். கெட்டவர் இல்லை, என் மேல் அக்கறையில் சொன்னார். "இந்த மாசத்துல இருந்து பழுதுன்னு எழுதிருங்க. பழசைக் கிளறாதீங்க. ஓய்வு பெறப் போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

இரண்டு நாள் அந்தக் கோப்பை நான் தொடவே இல்லை. பயம்தான், வேறென்ன. ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாயிற்று. இந்த மாதம்தான் பழுது என்றால், பழுது பார்க்க அவகாசம் கொடுப்பார்கள். பழைய மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார்கள். மறுபடி பொத்தி வைப்பார்கள். பல வருடமாகவே ஓடவில்லை என்றால்தான் புது மோட்டார் வரும். பல வருடமாக ஓடவில்லை என்று சொல்ல வேண்டுமானால், என் பதினோரு அறிக்கையையும் நானே குப்பையில் போட வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை எழுதினேன். "எனது முந்தைய பதினோரு அறிக்கைகளும் செவ்வாய்க்கிழமைகளுக்கு மட்டுமே பொருந்தும். மற்ற ஆறு நாட்களின் நிலையை நான் பார்க்கவில்லை. பார்க்க முயலவும் இல்லை." கூடவே ஜெபமாலையின் மனுவை இணைத்தேன். அதற்கு நான் எழுதிய பதிலையும் இணைத்தேன். விடுதிகளுக்கு இசைவு தரவில்லை.

மறுநாள் நிலையத்துக்குப் போய், இனி எனக்காகப் பொத்தி வைக்க வேண்டாம் என்று, இருக்கிற ஒரு மோட்டாரைத் தினமும் ஓட்டச் சொன்னேன். முனியசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "எரிஞ்சுபோச்சுன்னா என்னையத்தான் தூக்குவாக மேடம். ரெண்டு பொம்பளப் பிள்ளைக வச்சிருக்கேன்." அவர் பயம் நியாயமானது. அங்கேயிருந்த பதிவேட்டில் என் கையால் எழுதினேன்: தினமும் இயக்கவும், பழுதானால் பொறுப்பு என்னுடையது. அவர் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்.

ஒன்பதாம் நாள் மோட்டார் எரிந்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ஜெபமாலை எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கூட நாலைந்து பெண்கள். பியூன் தடுத்தும் நிற்கவில்லை.

"மூணு நாளு வாங்கன்னுதான மேடம் கேட்டோம்? இருந்த ஒரு நாளையும் கெடுத்துப்புட்டீகளே. இன்னைக்குச் செவ்வாக்கெழமை. போய்ப் பாருங்க அங்கன, என்ன வருதுன்னு."

"புது மோட்டார் வரும் ஜெபமாலை. கொஞ்சம் பொறுங்க."

"எப்ப வரும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"தெரியாமத்தான் உள்ளத எரிச்சீகளா? உங்களுக்கென்ன, நீங்க ஜீப்புல வந்து ஜீப்புல போயிருவீக."

நியாயத்துக்காகச் செய்தேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? அன்றைக்குப் பட்ட வெட்கத்தை என் சர்வீஸில் வேறு எப்போதும் பட்டதில்லை. மேலே இருப்பவர்கள் திட்டினால் அதற்கு ஒரு பதில் எழுதலாம். இதற்கு என்ன எழுதுவது?

மேலேயிருந்தும் வந்தது. விளக்கம் கேட்டு ஒரு மெமோ, பிறகு நேரில் விசாரணை. "பதினோரு தடவை நல்லாருக்குன்னு எழுதினது யாரும்மா?" "நான்தான் சார்." "இப்ப நல்லா இல்லைன்னு எழுதினது?" "அதுவும் நான்தான் சார்." என் பணிப் பதிவேட்டில் கண்டனம் பதிவானது. பரவாயில்லை, தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. முனியசாமியை ஒன்றும் செய்யவில்லை. அந்தப் படம் அவரைக் காப்பாற்றியது.

ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் ஜெபமாலை சாயல்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலைக்குப் போனாள். புண்பட்ட விரலோடு உப்பு வாருவது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வாரம் தவறாமல் சென்னைக்குப் போன் போட்டேன், கடிதம் எழுதினேன். அங்கே என் குரலைக் கேட்டாலே போனை வைத்துவிடுவார்கள். கடைசியில் மூன்று புது மோட்டார்கள் வந்து இறங்கின. வந்ததற்கு என் அறிக்கை காரணமா, என் தொல்லை காரணமா, வேறு ஏதாவது காரணமா என்று இன்றுவரை தெரியாது. மூன்றும் ஓடின. ஜெபமாலையும் உப்பளத்தை விட்டு வந்துவிட்டாள் என்று முனியசாமி சொன்னார். செவ்வாய்க்கிழமை ஜீப் வழக்கம் போலப் போகும். அதோடு நிற்காமல், நான் ஒவ்வொரு வாரமும் ஒரு கிழமையாகப் பஸ்ஸில் போய், யாருக்கும் சொல்லாமல் மாதிரி எடுத்தேன். திங்கள், வியாழன், ஞாயிறு. புதன்கிழமைகூட நன்றாக வந்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை. ஆய்வக முடிவுகளை எல்லாம் பையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அவளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று இருந்தது. ஓடைத் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஏழு பெண்களும் விரலுக்குத் துணி சுற்றாமல் மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் இறங்கலை?"

"ஜீப்பு வரலியே" என்றாள் ஜெபமாலை.

தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, எல்லா நாளும் இருக்கிறது, நானே சோதித்தேன் என்று சொல்லி, பையிலிருந்த தாள்களை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"காயிதத்துல எப்பவும் நல்லாத்தான மேடம் இருந்துச்சு?"

தாள்களைப் பையில் வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனேன். நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. நீச்சல் தெரியாது. கடலில் காலை நனைத்ததே இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். இடுப்பளவு வந்ததும் நின்று திரும்பிப் பார்த்தேன். போதுமா என்பது போல.

"தலை முங்கணும் மேடம்" என்றாள் அவள் கரையிலிருந்து. "நாங்க முங்கித்தான எடுக்குறோம். காதுக்குள்ள போகும்ல."

கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முங்கினேன். காதெல்லாம் தண்ணீர், மூக்கெல்லாம் தண்ணீர், வாயிலும் கொஞ்சம் போயிற்று. இருமிக்கொண்டே எழுந்தேன். ஐம்பத்தொன்பது வயசில், அலுவலகச் சேலையில். பின்னால் யாரோ ஒருத்தி சிரித்தாள்.

"என்ன?" என்றாள் ஜெபமாலை.

"உப்புத்தான்" என்றேன்.

அவள் மடியிலிருந்து துணியை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள். கேட்காத காதின் பஞ்சை அழுத்திவிட்டுக்கொண்டாள். மற்றவர்களும் எழுந்தார்கள். இறங்கி என் பக்கமாக வந்தவள், என்னைத் தாண்டிப் போகுமுன் நின்றாள்.

"இன்னைக்குச் சரி. நாளைக்கு?"

"நாளையோட எனக்கு வேலை முடியுது ஜெபமாலை. ரிட்டயர்டு."

"அது கெடக்கட்டும். நாளான்னைக்கு யாரு முங்கிப் பாத்துச் சொல்லுவா?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. முங்கிவிட்டாள்.

அங்கே இப்போது உங்களில் யாரோ ஒருவர்தான் போகிறீர்கள். என்றைக்குப் போகிறீர்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து கிழமையை மாற்றுங்கள்.